நாய்கள் ஏன் ஓடின? - குளிரில் உறைந்த இன்ஜின்களின் கதை

பால்டோ என்ற கார்ட்டூன் படத்தை உங்களில் பலர் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். 1995-ல் வந்தது. பனிக்காட்டில் மாட்டிக்கொண்ட ஊர், அங்கே குழந்தைகளுக்குக் கொள்ளைநோய், நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் மருந்து போகிறது, எல்லோரும் பிழைக்கிறார்கள், சுபம். போன வாரம் எங்கள் அறையில் ஒருவன் அதை மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் படுத்திருந்தவன் தலையைத் தூக்கி, "அப்பவே ஏரோப்ளேன் இருந்துச்சேடா, அதுல அனுப்பித் தொலைக்க வேண்டியதுதானே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கிப்போனான்.

அவன் தூங்கிவிட்டான், எனக்குத் தூக்கம் போய்விட்டது. நியாயமான கேள்விதானே? அதைத் துருவிக்கொண்டே போனதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. நாயில் ஆரம்பித்து எண்ணெயில் போய் முடிந்தது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்த கதை. அலாஸ்காவின் மேற்குக் கரையில் நோம் என்று ஒரு சிற்றூர். 1925 ஜனவரியில் அங்கே டிப்தீரியா, அதாவது தொண்டை அடைப்பான் நோய், பரவ ஆரம்பித்தது. ஊரில் இருந்த ஒரே டாக்டர் கர்டிஸ் வெல்ச். அவரிடம் இருந்த மாற்று மருந்து காலாவதியானது. கடல் உறைந்து கிடந்ததால் கப்பல் வராது. ரயிலும் கிடையாது. ஆங்கரேஜ் நகர ஆஸ்பத்திரியில் மூன்று லட்சம் யூனிட் மருந்து இருப்பது தெரிந்து அதை ரயிலில் நெனானா என்ற ஊர் வரை கொண்டுவந்தார்கள். அங்கிருந்து நோம் 674 மைல், கிட்டத்தட்ட 1085 கிலோமீட்டர். இருபது வண்டிக்காரர்கள், சுமார் 150 நாய்கள், அஞ்சலோட்டம் போல ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றிக் கொண்டுபோய், பிப்ரவரி 2-ம் தேதி விடியற்காலையில் சேர்த்தார்கள். மொத்தம் 127 மணி நேரம் 30 நிமிடம்.

இப்போது நண்பன் கேட்ட கேள்வி. ஃபேர்பேங்க்ஸ் நகரத்தில் அப்போது மூன்று விமானங்கள் இருந்தன. விமானி இல்லாமலும் இல்லை. ஒரு வருடம் முன்பு, 1924 பிப்ரவரி 21-ல், கார்ல் பென் ஐல்சன் என்பவர் ஃபேர்பேங்க்ஸில் இருந்து மெக்ராத்துக்குத் தபால் மூட்டையோடு பறந்திருந்தார். அலாஸ்காவின் முதல் விமானத் தபால் அதுதான். நாய்வண்டி இரண்டரை வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் அந்தத் தூரத்தை அவர் மூன்று மணி நேரத்துக்குள் கடந்தார். (இவர் ஃபேர்பேங்க்ஸுக்கு வந்ததே பள்ளிக்கூட வாத்தியாராக. வாத்தியார் வகுப்பை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மாணவர்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!) திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. ஊர்க்காரர்கள் தீ மூட்டி வழி காட்டியும் தரை இறங்குகையில் விமானம் அடிபட்டது. இப்படி எட்டுப் பயணம் முடிவதற்குள் பல தடவை அடிபட்டதால் தபால் துறை ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டது.

1925 ஜனவரியில் ஐல்சன் அலாஸ்காவில் இல்லை. இன்னொரு நல்ல விமானியான நோயல் வீனும் இல்லை. அந்த மூன்று விமானங்களையும் குளிர்காலத்துக்காகப் பிரித்துக் கட்டி வைத்திருந்தார்கள். அதுதான் விஷயம். குளிர்காலம் வந்தால் விமானத்தைப் பிரித்து மூட்டை கட்டுவதுதான் வழக்கமாக இருந்திருக்கிறது! விமானி உட்காரும் இடம் திறந்தவெளி. இன்ஜின்கள் தண்ணீரால் குளிர்விக்கப்படுபவை, கடுங்குளிரில் அவற்றை நம்ப முடியாது. அனுபவமில்லாத ஒருவரை வைத்தாவது பறக்கவிடலாம் என்று அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் நெருக்கினார்கள். கவர்னர் ஸ்காட் போன் "நாய்தான்" என்று முடிவு செய்தார். அவருக்குத் திட்டு கிடைத்தது. ஆனால் பிப்ரவரியில் இரண்டாவது தவணை மருந்தை அனுப்பும்போது விமானத்தையும் முயன்று பார்த்தார்கள். ரேடியேட்டரின் அடைப்புத் தகடு பழுதாகி இன்ஜின் சூடேறிக் கெட்டது. மறுநாளும் கிளம்பவில்லை. கைவிட்டார்கள். எல்லாமே உறைந்து கிடக்கும் ஊரில் இன்ஜின் அதிகச் சூட்டால் கெட்டது என்பது வேடிக்கைதான். ஆனால் இதற்குள்தான் முழுக் கதையும் இருக்கிறது. குளிரில் இன்ஜினுக்கு வேண்டிய சூடு வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் இருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று 1925-ல் அங்கே கைப்பழக்கமாக யாருக்கும் வரவில்லை.

நாய்வண்டிக்காரர்களுக்கு அது தெரிந்திருந்தது. வழியில் இருந்த சத்திரங்களில் நிறுத்தி மருந்துப் பொதியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டுதான் மேலே போயிருக்கிறார்கள். ஒரு சத்திரத்தில் வண்டியின் கைப்பிடியோடு ஒட்டிப்போன வண்டிக்காரரின் கைகளை வெந்நீர் ஊற்றித்தான் பிரித்தெடுக்க வேண்டியிருந்ததாம். மருந்து, கை, நாய் மூன்றையும் சூடாக வைத்துக்கொள்ளும் வித்தை அவர்களுடையது. விமானத்துக்கு அந்த வித்தை இன்னும் எட்டவில்லை.

சரி, குளிரில் இன்ஜினுக்கு அப்படி என்னதான் ஆகிறது?

மார்கழி மாதம் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். சொட்டு விழாது. வெயிலில் வைக்க வேண்டும், இல்லை கம்பியை விட்டுக் கிளற வேண்டும். அது உறைய 24 டிகிரிக்குக் கீழே போனாலே போதும். இன்ஜின் எண்ணெய் அவ்வளவு மென்மையானது இல்லை. ஆனால் மைனஸ் 40-ல் அந்தக் காலத்து விமான எண்ணெய் தார் மாதிரி ஆகிவிடும். (மைனஸ் 40 செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்காதீர்கள். அந்த ஒரு புள்ளியில் மட்டும் இரண்டும் ஒன்றுதான்.) கெட்டியான எண்ணெயைப் பம்பு உறிஞ்ச முடியாது. இன்ஜின் சுற்ற ஆரம்பித்தாலும் பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேர நேரமாகும். அதுவரை உலோகம் உலோகத்தோடு உரசும். முதல் உலகப்போர் காலத்தில் சிலிண்டர்களே சுழலும் ரோட்டரி இன்ஜின்களுக்கு நம்ம விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். அதுவும் குளிரில் பாகு மாதிரி இறுகிவிடும்.

எண்ணெய் பாதிக் கதைதான். இன்னொரு பாதி யாருடைய கண்ணுக்கும் தெரியாது. இன்ஜினின் வெளிக்கூடு அலுமினியம், உள்ளே சுழலும் கிராங்க்‌ஷாஃப்ட் எஃகு. குளிரில் இரண்டும் சுருங்கும், ஆனால் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பேரிங் துளையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெப்பம் 50 டிகிரி இறங்கினால் துளை சுமார் 0.07 மில்லிமீட்டர் சுருங்கும், எஃகுத் தண்டு அதில் பாதிதான் சுருங்கும். வித்தியாசம் 0.03 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இதென்ன, தலைமுடியில் பாதி என்று தோன்றும். ஆனால் எண்ணெய் நுழைவதற்கு அங்கே விட்டிருக்கும் இடைவெளியே ஏறக்குறைய அவ்வளவுதான்! எண்ணெய் கெட்டி, அது போகவேண்டிய சந்தும் குறுகல். வெளியே இருந்து பார்த்தால் இன்ஜின் சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது, பெட்ரோல். குளிரில் அது ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் பற்றாது. பற்றவில்லையே என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பெட்ரோலை உள்ளே செலுத்தினால் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் மிச்ச எண்ணெயையும் அது கழுவிவிடும். வழிந்த பெட்ரோலில் தீப்பிடிக்கவும் செய்யும். ஒரு தடவை லேசாகப் பற்றி நின்றுபோனால் அது இன்னும் மோசம். எரிந்ததில் பிறந்த நீராவி ஸ்பார்க் பிளக்கின் முனையில் படிந்து உறைந்து இடைவெளியை அடைத்துவிடும். அப்புறம் பொறியே வராது. பிளக்கைக் கழற்றிச் சூடுகாட்ட வேண்டியதுதான்.

இந்தப் பிரச்சினை விமானம் பிறந்த அன்றே பிறந்தது என்று சொல்லலாம். 1903 டிசம்பர் 17, கிட்டி ஹாக் அருகே மணல்மேடுகள். மழைநீர்க் குட்டைகளில் ஐஸ் படர்ந்திருந்த காலை. ரைட் சகோதரர்கள் குடிசைக்குள் ஓடி ஓடி, ஒரு தகர டப்பாவில் மூட்டிய தீயில் கை காய்ச்சிக்கொண்டு வேலை பார்த்தார்கள். பறப்பதற்கு முன் இன்ஜினையும் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றினார்கள். அந்த இன்ஜினின் கூடும் அலுமினியம்தான். ஆனால் அது லேசான குளிர். அலாஸ்காக் குளிர் வேறு ஜாதி.

அலாஸ்கா விமானிகள் கண்டுபிடித்த வழி நாய்வண்டிக்காரர் வழியேதான். விமானம் தரையிறங்கி இன்ஜின் நின்றதும் முதல் வேலை, எண்ணெய் சூடாக இருக்கும்போதே அதைத் தகர டப்பாக்களில் வடித்துவிடுவது. பசியோ தூக்கமோ அப்புறம்தான். நம்மூர் வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் தான் கை கழுவுவார் இல்லையா, அதே மாதிரி. அரை மணி தாமதித்தால் எண்ணெய் வடியாது, மறுநாள் பயணம் அம்பேல். டப்பாக்களை எடுத்துக்கொண்டு சத்திரத்துக்குள் போய் அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். வெளியே இன்ஜினைக் கம்பளப் போர்வையால் போர்த்திவிடுவார்கள். தண்ணீர் இன்ஜினாக இருந்தால் அந்தத் தண்ணீரையும் வடிக்க வேண்டும், காலையில் வெந்நீர் போட வேண்டும். வேலை இரட்டிப்பு.

மறுநாள் காலையில்தான் நிஜமான பாடு. இன்ஜினுக்கு மேலே தரை வரை தொங்கும்படி கேன்வாஸ் கூடாரம் ஒன்றைப் போடுவார்கள். அதற்குள்ளே ஃபயர்பாட். அது என்ன என்று எப்படிச் சொல்வது... நம் வீடுகளில் கேஸ் வருவதற்கு முன்னால் இருந்த பம்ப் ஸ்டவ்வை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றடித்து அழுத்தம் ஏற்றி, புஸ்ஸென்று நீல ஜுவாலை வருமே, அதே தத்துவம். ஈயம் உருக்குவதற்காகக் குழாய் ரிப்பேர்க்காரர்கள் வைத்திருந்த சாதனம். எரிபொருள் மட்டும் மண்ணெண்ணெய் இல்லை, பெட்ரோல்! ஆக, பெட்ரோல் டேங்க் உள்ள, துணியும் மரமும் சேர்ந்த விமானத்தின் மூக்குக்கு அடியில், துணிக் கூடாரத்துக்குள், பெட்ரோல் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, ஒரு ஆள் தீயணைக்கும் கருவியோடு பக்கத்திலேயே குந்தியிருக்க வேண்டும். ஒரு மணி நேரம். குளிர் அதிகமென்றால் அதற்கு மேலும். உள்ளே புகை, வெளியே மைனஸ் 40. கண்ணயர்ந்தால் விமானம் போச்சு. அப்படி எரிந்துபோன விமானங்கள் கொஞ்சநஞ்சமில்லை.

இன்ஜின் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்து, புரொப்பெல்லரைக் கையால் சுழற்றினால் இளகிச் சுழலும் நிலை வந்ததும், சத்திரத்து அடுப்பில் கொதிக்கக் காய்ந்த எண்ணெயை ஓட்டமாகக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். உடனே கூடாரத்தை உருவி, உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதல் முயற்சியிலேயே கிளம்பவில்லை என்றால்? மறுபடி வடி, மறுபடி அடுப்பு, மறுபடி கூடாரம். குளிர்காலத்தில் அங்கே பகல் வெளிச்சமே மூன்று நான்கு மணி நேரம்தான். இரண்டு தடவை தப்பினால் அன்றைய பொழுது முடிந்தது.

விமான சரித்திரப் புத்தகங்களில் இந்தக் காட்சி ஓரத்தில்தான் வரும். வீரமாகப் பறந்தவர் பெயர் இருக்கும், கூடாரத்துக்குள் குந்தியிருந்த மெக்கானிக்கின் பெயர் தேடினாலும் கிடைக்காது. பறந்ததில் பாதி அந்தக் கூடாரத்துக்குள்ளேயே நடந்துவிட்டது என்பது என் கட்சி.

கூடவே இன்ஜினும் மாறியது. 1920-களின் நடுவில் காற்றாலேயே குளிரும் ரைட் வேர்ல்விண்ட் மாதிரி இன்ஜின்கள் வந்தன. தண்ணீர்த் தொல்லை ஒழிந்தது, எண்ணெய்த் தொல்லை மட்டும் மிச்சம். ஐல்சன் மறுபடி வருகிறார் பாருங்கள். 1927 மார்ச்சில் ஹியூபர்ட் வில்கின்ஸ் என்ற ஆஸ்திரேலியரோடு ஆர்க்டிக் கடல் மேல் பறக்கும்போது இன்ஜின் மக்கர் செய்ய, உறைந்த கடல் மேலேயே இறங்கினார்கள். மைனஸ் 30-ஐ ஒட்டிய குளிரில் ஐல்சன் இன்ஜினைப் பழுது பார்த்தார். நுணுக்கமான வேலையைக் கனத்த கையுறையோடு செய்ய முடியாது. விரல்கள் உறைந்தன, ஒரு விரலைப் பின்னால் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. திரும்பும் வழியில் பெட்ரோல் தீர்ந்து இருட்டில் மறுபடி பனிப்பாளத்தில் இறங்கி, கடைசியில் நடந்தே கரை சேர்ந்தார்கள். அப்படியும் விடவில்லை. 1928 ஏப்ரலில் அதே இருவரும் அலாஸ்காவின் பாயிண்ட் பாரோவில் இருந்து ஆர்க்டிக்கைத் தாண்டி ஸ்பிட்ஸ்பெர்கன் தீவு வரை 20 மணி 20 நிமிடம் பறந்து உலகப் புகழ் பெற்றார்கள்.

1929 நவம்பர் 9. சைபீரியக் கரையில் பனியில் சிக்கிய நானுக் என்ற கப்பலில் இருந்து ஆட்களையும் கம்பளித்தோல் மூட்டைகளையும் மீட்கப் பறந்த ஐல்சனும் அவருடைய மெக்கானிக் எர்ல் போர்லண்டும் புயலில் காணாமல் போனார்கள். தேடப் போன விமானங்கள் நடுக்குளிர்காலத்தில், பகல் என்பதே பெயருக்கு இருக்கும் மாதங்களில், பேரிங் நீரிணையைத் தாண்டிப் பறந்தன. ஒவ்வொரு இரவும் போர்வை, ஒவ்வொரு காலையும் கூடாரம். 1930 ஜனவரி கடைசியில் ஜோ கிராஸன், ஹரால்ட் கில்லம் என்ற இரு விமானிகள் பனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இறக்கையைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் இறந்திருந்தார்கள்.

சோகமான தேடல்தான். ஆனால் வருடங்களைக் கவனியுங்கள். 1925 ஜனவரியில் அலாஸ்காவில் விமானங்கள் பிரித்துப் போட்ட சாமான்களாகக் கிடந்தன. 1930 ஜனவரியில் கடல் தாண்டிப் போய்த் தேடுகின்றன. இடையில் ஐந்தே வருடம். 1931-ல் பாரோவில் டிப்தீரியா என்று சேதி வந்தபோது மருந்தைக் கொண்டுபோனது நாய்வண்டி இல்லை. அதே ஜோ கிராஸன், விமானத்தில். நோய் அதே, குளிரும் அதே. நண்பனின் கேள்விக்குப் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஏரோப்ளேன் இருந்தது, அதற்கான அடுப்புதான் 1925-ல் இல்லை.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டாம் உலகப்போரை விட்டுவிட்டால் கதை பாதியில் நிற்கும். ஒரு விமானத்துக்கு ஒரு கூடாரம், ஒரு ஆள், ஒரு மணி நேரம் என்பது தனி விமானிக்குச் சரி. நூறு விமானம் ஒரே காலையில் கிளம்ப வேண்டுமென்றால்?

அமெரிக்க ராணுவம் 1940-ல் ஃபேர்பேங்க்ஸ் அருகே லாட் ஃபீல்ட் என்ற தளத்தில் குளிர்காலச் சோதனைகளை ஆரம்பித்தது. அந்தக் காலகட்டத்தில் பழக்கத்துக்கு வந்த ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. எண்ணெயைச் சூடாக்க முடியவில்லையா, தண்ணீர் மாதிரி ஆக்கிவிடு! இன்ஜினை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பு விமானி ஒரு விசையை அழுத்துவார். கொஞ்சம் பெட்ரோல் எண்ணெயோடு கலக்கும். நீர்த்த எண்ணெய் இரவுக் குளிரில் இறுகாது. காலையில் ஸ்டார்ட் செய்து இன்ஜின் சூடேறியதும் கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும், பழைய கெட்டி எண்ணெய் மிஞ்சும். கேட்க அழகாக இருக்கிறதல்லவா? அளவு தப்பினால் எண்ணெய் அழுத்தம் விழுந்துவிடும். உள்ளே பல நாளாகப் படிந்திருந்த கசடையெல்லாம் பெட்ரோல் கரைத்து இழுத்துவந்து வடிகட்டியை அடைக்கும். ஆனாலும் மணிக்கணக்கான வேலை நிமிடக்கணக்காகியது. கூடவே ஹெர்மன் நெல்சன் கம்பெனியின் சக்கரம் வைத்த ஹீட்டர்கள் வந்தன. பெரிய குழாய் வழியாகச் சூடான காற்றை இன்ஜினுக்குள் ஊதுபவை. கனடாவின் வடபகுதியில் யார் தயாரித்த ஹீட்டரானாலும் "ஹெர்மன் நெல்சன்" என்றே சொல்லும் அளவுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது, நாம் ஜெராக்ஸ் என்று சொல்வது போல.

1942 செப்டம்பரில் இருந்து 1945 வரை சுமார் 8000 அமெரிக்க விமானங்கள் லாட் ஃபீல்டில் சோவியத் விமானிகள் கையில் ஒப்படைக்கப்பட்டு, அலாஸ்கா வழியாக சைபீரியாவைக் கடந்து போர்முனைக்குப் போயின. யாகுட்ஸ்க், சேய்ம்சான் என்று அவை இறங்கி எரிபொருள் நிரப்பிய தளங்களில் மைனஸ் 50 சாதாரணம். சோவியத் மெக்கானிக்குகளிடம் எண்ணெயையும் தண்ணீரையும் காய்ச்சும் வண்டிகளே தனியாக இருந்தன. அவர்களுக்கு இது புது வித்தை இல்லை, பிறந்ததில் இருந்து பார்க்கும் குளிர்.

ஜெர்மானியர்களுக்கு அப்படி இல்லை. எரிக் ஹார்ட்மன் என்ற பிரபல போர் விமானியின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு கதை வருகிறது. உறைந்துபோன ஜெர்மன் விமானங்களின் எதிரே நின்ற ரஷ்யக் கைதி ஒருவர், எண்ணெயில் பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்து காட்டினாராம். பக்கத்தில் நின்றவர்கள் வெடிக்கப்போகிறது என்று பயந்து ஒதுங்கினார்களாம். இதில் எவ்வளவு மசாலா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் ஸ்டாலின்கிராடில் நடந்தது மசாலா இல்லை. 1942 நவம்பரில் சுற்றிவளைக்கப்பட்ட ஆறாவது படைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் சாமான் வானத்தில் இருந்து வர வேண்டும் என்று கணக்கு. வந்ததோ சராசரியாக நூறு டன்னைக் கொஞ்சம் தாண்டி. 1943 ஜனவரி நடுவில் நிலைமையைச் சரிசெய்ய மார்ஷல் எர்ஹார்ட் மில்ஷை அனுப்பினார்கள். அவர் போய்ப் பார்த்தபோது தளத்தில் நின்ற விமானங்களில் பெரும்பாலானவை கிளம்பும் நிலையில் இல்லை. குளிரில் இன்ஜினைக் கிளப்பும் முறை எழுத்தில் இருந்தது, பல குழுக்கள் அதைக் கடைப்பிடிக்கவே இல்லை! சோவியத் போர் விமானங்கள், பனிப்புயல், பறிபோன விமானத் தளங்கள் என்று தோல்விக்குக் காரணங்கள் நிறைய. குளிர்ந்த இன்ஜின் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் காகிதத்தில் இருந்த வித்தை கைக்கு வராததும் அந்தக் கணக்கில் சேரும். 1943 பிப்ரவரி 2-ல் எல்லாம் முடிந்தது. நோமுக்கு மருந்து போய்ச் சேர்ந்ததும் ஒரு பிப்ரவரி 2 தான். தேதிப் பொருத்தம், வேறொன்றுமில்லை.

போருக்குப் பிறகு கதை வேகமாக ஓடிவிடும். எண்ணெயில் பெட்ரோல் கலக்கும் வழக்கம் சின்ன விமானங்களில் மெல்ல மறைந்தது. அடுப்பின் இடத்துக்கு மின்சாரம் வந்தது. இதிலும் காரில் இருந்துதான் ஆரம்பம். வடக்கு டகோடாவில் மின் கூட்டுறவு நிறுவனம் ஒன்றை நடத்திவந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் கார் இன்ஜினுக்குள் பொருத்தும் ஒரு மின் ஹீட்டருக்கு 1949-ல் காப்புரிமை வாங்கினார். அதனால்தான் அந்தப் பக்கத்து ஊர்களில் கார் நிறுத்தும் இடத்திலெல்லாம் பிளக் பாயிண்ட் இருக்கிறது. 1970-களில் மினசோட்டாவைச் சேர்ந்த டானிஸ் கம்பெனி சின்ன விமானங்களுக்கு இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சின்ன ஹீட்டர், எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் ஒட்டிய ஒரு பட்டை. இரவு பிளக்கில் மாட்டிவிட்டுப் போர்த்திவிட்டால் காலையில் முழு இன்ஜினும் ஒரே சூட்டில் இருக்கும். காசு இல்லாதவர்கள் இன்ஜின் மூடிக்குள் குண்டு பல்பை எரியவிட்டார்கள், அதுவும் வேலை செய்தது. இன்ஜின் தயாரிப்பாளர்களும் கோடு போட்டுவிட்டார்கள். கான்டினென்டல் இன்ஜின் என்றால் சுமார் மைனஸ் 7-க்குக் கீழே, லைகமிங் என்றால் பெரும்பாலான மாடல்களுக்கு மைனஸ் 12-க்குக் கீழே சூடேற்றாமல் கிளப்பாதே என்று. கிளப்பினால் அன்றைக்கே இன்ஜின் உடையாது. அதுதான் ஆபத்து. நூறு மணி நேரம் கழித்து வேறெங்கோ நடுவானத்தில் கணக்குத் தீர்க்கும்.

பிரச்சினை தீர்ந்ததா என்றால், இடம் மாறியிருக்கிறது. சூடான காற்றைப் பத்து நிமிடம் மேலாக ஊதிவிட்டு சிலிண்டரைத் தொட்டுப் பார்த்துத் திருப்தியாகிக் கிளப்புபவர்கள் உண்டு. மேலே சுடும், உள்ளே கிராங்க்‌ஷாஃப்ட் பக்கம் உறைபனிதான். நான் மேலே போட்ட 0.03 மில்லிமீட்டர் கணக்கு அப்படியே காத்திருக்கும். கார் புகைபோக்கியில் குழாயைச் செருகிச் சூடேற்றுபவர்களும் உண்டு. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு. எல்லாம் சரியாகச் செய்து கிளம்பிய பிறகும், இன்ஜின் மூச்சுவிடும் குழாயின் முனையில் ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி சீலைத் தள்ளிவிட்டு எண்ணெய் முழுக்க வெளியே போய்விடும். அதற்காகக் குழாயின் பக்கவாட்டில், உறையாத இடத்தில், இன்னொரு துளை போட்டு வைக்கிறார்கள். ஒரு சின்ன ஓட்டை ஒரு விமானத்தைக் காப்பாற்றுகிறது.

ஹீட்டரை எப்போதும் போட்டே வைத்திருக்கலாமா என்பது விமானக்காரர்களுக்குள் ஓயாத சண்டை. எண்ணெய்த் தொட்டியை மட்டும் சூடாக்கினால் அதிலுள்ள ஈரம் ஆவியாகி மேலே ஏறி, சில்லென்றிருக்கும் கேம்‌ஷாஃப்டில் போய்ப் படிந்து துருப்பிடிக்கும் என்பது ஒரு கட்சி. முழு இன்ஜினையும் சமமாகச் சூடாக வைத்தால் ஈரம் எங்கே படியும் என்பது எதிர்க்கட்சி. லைகமிங் இன்ஜின்களில் கேம்‌ஷாஃப்ட் உச்சியில் இருப்பதால் எண்ணெய் முதலில் வடிந்து காய்வதும் அங்கேதான், அதனால் முதல் கட்சிக்கே என் ஓட்டு. பறப்பதற்கு முந்தைய நாள் இரவு போட்டால் போதும். அதற்காக வீட்டில் இருந்தபடியே செல்போனில் கூப்பிட்டு ஹீட்டரை ஆன் செய்யும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. பேட்டரியில் பறக்கும் குட்டி விமானங்கள் வந்துவிட்டனவே, இன்ஜின் இல்லையென்றால் இந்தத் தலைவலியும் இல்லையே என்று கேட்பீர்கள். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது கெட்டுவிடும். அதற்கும் போர்வையும் சூடும் வேண்டும்.

பிளக் பாயிண்ட் இல்லாத ஏரிக்கரையிலும் ஆற்று மணலிலும் இறங்குபவர்கள் இன்றைக்கும் கூடாரம்தான் போடுகிறார்கள். ஃபயர்பாட்டுக்குப் பதில் மலையேறுபவர்கள் கொண்டுபோகும் சின்ன ஸ்டவ், அதன் மேல் ஒரு தகரக் குழாய், குழாயின் மறுமுனை இன்ஜின் மூடிக்குள். பக்கத்தில் தீயணைக்கும் கருவியோடு ஒருவர் குந்தியிருப்பார்.

நண்பன் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறான். எழுந்ததும் இதைப் படிக்கச் சொல்ல வேண்டும் :-)